மச்சான் தலைக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி

என் அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் தலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். துபாய்க்குப் போகும்போது சீப்பு ஒடிகிற மாதிரி முடி இருந்தது. கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அது பத்திரமாக இருக்கிறது. திரும்பி வரும்போது காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு வந்தார். கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் விடுகிறார்கள், அந்தத் தண்ணீர்தான் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது என்பார்.

மச்சானின் ஊரான வடகரையில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. தெருவுக்குப் பத்துப் பேர் வளைகுடாவில் முடியை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு தேங்காய் விலையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மச்சானால் முடியவில்லை. ஊரோடு வந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது தென்காசியில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக்காக அல்ல. என் கடையில் நாலு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. அதில் ஒரு மூலையில் நின்றால் பின்மண்டை தெரியும். வாடிக்கையாளர்கள் ஃப்ரேம் மாட்டிப் பார்க்க வரும்போது அந்த மூலையில் மச்சான் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அவர்கள் நாகரிகமாக வேறு கண்ணாடிக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் காலை போன் செய்தார்.

"மாப்ளே, ஒன் கடைல பெரிசாக் காட்டுத லென்ஸ் இருக்கும்லா, எடுத்துட்டு ஒடனே தோப்புக்கு வா."

கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, கடையைக்கூடச் சரியாகப் பூட்டாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் தோப்புக்குப் பின்னால், வாய்க்கால் கரையில், கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. கரை முழுக்க மஞ்சள். பச்சைக் கம்பளத்தை விரித்து அதன்மேல் மஞ்சள் பொத்தான்களை வைத்துத் தைத்த மாதிரி ஒரு செடி படர்ந்து கிடந்தது. தண்ணீர் ஓரத்தில் தொடங்கி, கரை ஏறி, நாலைந்து தென்னையின் தூரைச் சுற்றி வளைத்து, பக்கத்துத் தோப்பின் வேலி வரைக்கும் போயிருந்தது.

முந்தின நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தாராம். மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்த்தால் பாறையிலும் முடி முளைக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது எப்படி இருக்கும் என்பதற்கு மூன்று அடையாளமும் சொல்லியிருக்கிறார். மச்சான் என்னை நிற்க வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர்க் கரையில் வளரும், சரிதானா? தரையோடு படரும், சரிதானா? பூ மஞ்சள், சரிதானா? மூன்றுக்கும் நான் தலையை ஆட்டினேன். பிறகு லென்ஸை வைத்து ஒரு பூவைப் பார்த்தேன். குட்டிச் சூரியகாந்தி மாதிரி இருந்தது. ஒவ்வொரு இதழின் நுனியும் எலி கடித்த மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. எண்ணெய்க்கும் தேங்காய் நம்முடையது, இலையும் நம்முடையது, அல்லா இவ்வளவு நாளாகத் தோப்புக்குப் பின்னாலேயே மருந்தை வைத்துவிட்டு என்னை வேடிக்கை பார்த்திருக்கிறான் என்று மச்சான் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

அக்காவின் பிரியாணி தேக்சாவில் எண்ணெய் காய்ச்சினார். அக்கா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அடுத்து வந்த பெருநாளில் பிரியாணி லேசாகப் பச்சையாக இருந்தது. புதினா அதிகம் என்று விருந்தாளிகளிடம் சமாளித்தோம்.

எண்ணெய் பாசி பிடித்த குளத்தின் நிறத்தில் இருந்தது. காலையும் மாலையும் தேய்த்துக்கொண்டார். தலையணை உறை பச்சை. சோபா முதுகு பச்சை. வெள்ளைத் தொப்பி பச்சையாகி, எந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டீர் என்று டீக்கடையில் கேட்டார்கள். சில வாரம் கழித்து, முன்மண்டையில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, முளைக்கிறது போலிருக்கிறது என்று சொல்லி என் கடைக்கு வந்து குனிந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே நாலைந்து இழை நின்றிருந்தன. தொட்டதும் கையோடு வந்தன. துண்டில் இருந்து ஒட்டிய நூல். அவர் முகத்தை நிமிர்த்தி ஆவலாகப் பார்த்தபோது, ஏதோ இருந்த மாதிரிதான் இருந்தது மச்சான் என்று மட்டும் சொன்னேன்.

அதில் தைரியம் வந்து, உள்ளுக்கும் சாப்பிட வேண்டும், துவையல் அரைத்துக்கொடு என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா இலைக் கட்டைக் கையில் எடுத்தவள், அப்படியே வைத்துவிட்டாள். கரிசலாங்கண்ணிக் கீரையைச் சந்தையில் வாங்கி ஆய்ந்திருக்கிறாளாம். அதன் இலை ஒடுக்கமாக, நீளமாக இருக்குமாம். இது வாத்துக் கால் மாதிரி இருக்கிறதே என்றாள். மச்சான் அசரவில்லை. அது நாட்டு வகை, இது ஹைபிரிட் என்றார்.

அக்கா வாக்குவாதம் பண்ணுகிற ஆளில்லை. கட்டை எடுத்துக்கொண்டுபோய் பக்கத்து வீட்டு ஆட்டின் முன்னால் போட்டாள். சுவர் போஸ்டரில் பாதியையும் அக்காவின் சேலை முந்தானையில் கொஞ்சத்தையும் தின்ற ஆடு அது. இதை மோந்து பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

"பாத்தியளா" என்றாள் அக்கா.

"அதுக்கு முடி கொட்டுத பிரச்சினை இல்ல. அது எதுக்கு இதத் திங்கணும்?" என்றார் மச்சான்.

ஆனாலும் அன்றைக்கு அவர் மனதில் ஒரு சின்ன ஓட்டை விழுந்துவிட்டது. சாயங்காலம் என்னிடம் வந்து, போனில் படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்லும் வசதி இருக்கிறதாமே, அதைப் போட்டுப் பார் என்றார். தோப்பில் வைத்துப் போட்டோம். ஒரு தடவை சூரியகாந்தி என்றது. கொஞ்சம் சாய்த்து எடுத்தபோது ஏதோ கோசுக் கீரை என்றது. இன்னொன்று எடுக்கும்போது மச்சான் செடியைத் தூக்கிப் பிடிக்கக் குறுக்கே குனிந்துவிட்டார். போன் யோசிக்கவே இல்லை, மழைக்காலத்தில் முளைக்கும் ஒரு வகை உருண்டைக் காளான் என்று உறுதியாகச் சொன்னது. அதை மட்டும் நான் அவரிடம் காட்டவில்லை.

என் வாடிக்கையாளர்களில் ஒரு பேராசிரியர் உண்டு. பாளையங்கோட்டையில் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வருடா வருடம் சீசனுக்குக் குற்றாலம் வந்து தங்குவார், வரும்போது என்னிடம் கண்ணாடியின் காலை இறுக்கிக்கொள்வார். போன் செய்தேன். நாளைக்குக் காலையில் ஐந்தருவிக்கு வாரும், செடியைக் கொண்டுவாரும் என்றார்.

மஞ்சள் பையில் ஒரு கொத்தை வேரோடு எடுத்துக்கொண்டு போனோம். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பேராசிரியரைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று, ஏனென்றால் அவர் முகம் தெரியவில்லை. அருவிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் கோமணத்தோடு குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்ப்பவர் அவர் முதுகைப் பரோட்டா மாவு மாதிரி அடித்துக்கொண்டிருந்தார். நான் குரல் கொடுத்ததும், "வாரும்... வே... காட்டும்" என்று பலகைக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டது.

கண்ணாடி அவரிடம் இல்லை. அது அவர் மனைவியின் கைப்பையில் இருந்தது, மனைவி பெண்கள் பக்கம் அருவிக்கு அடியில் இருந்தார். பேராசிரியர் இலையைத் தடவிப் பார்த்தார். எண்ணெய்க் கையில் அது மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. மோந்து பார்த்தார். நல்லெண்ணெய் வாசம்தான் வருகிறது என்று வருத்தப்பட்டார். கடைசியில் நான் பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, லென்ஸை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். மச்சான் அந்தப் பக்கம் மண்டியிட்டு இலையைப் பிடித்தார். எண்ணெய் தேய்ப்பவர் தன் வேலையை நிறுத்தவில்லை.

"இது... கரிச... லாங்... கண்ணி... இல்ல... வே."

அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல மச்சான் இன்னும் குனிந்தார். பேராசிரியர் அடிகளுக்கு நடுவே சொல்லச் சொல்ல நான் கூட்டிக்கூட்டிப் புரிந்துகொண்டேன். இலையின் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு பல் வெளியே தள்ளியிருக்கிறது, அதனால் மூன்று மடலாகத் தெரிகிறது. மேல்புறம் மினுங்குகிறது, சதைப்பற்று இருக்கிறது. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்கு நெருங்கின சொந்தம்தான், ஆனால் அதன் இலை ஒடுக்கமாக, சொரசொரவென்று இருக்கும், மடல் கிடையாது, பூவும் இதைவிடச் சிறிது. இது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதியிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. பங்களாத் தோட்டத்திலும் ரோட்டு நடுவிலும் தரையை மூட வைத்தார்கள், அது வேலி தாண்டி வந்துவிட்டது. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடுதான். வாய்க்கால் கரை, சாக்கடை ஓரம், தோப்பு நிழல், எதுவும் பரவாயில்லை. தண்டு எங்கே மண்ணைத் தொடுகிறதோ அங்கே வேர்விடும். வேறு எதையும் பக்கத்தில் முளைக்கவிடாது. இங்கிலீஷில் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள் என்றார்.

"நான் சிங்கப்பூருக்கே போனதில்லையே சார், துபாய்தான்" என்றார் மச்சான், தன்மேல் ஏதோ குற்றம் சுமத்தப்பட்ட மாதிரி.

அந்த நேரத்தில் எண்ணெய் தேய்ப்பவர் பேராசிரியரைத் திருப்பிப் போட்டார். மிச்சப் பாடத்தை அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, கண்ணில் சாரல் விழ விழ நடத்தினார். அசல் செடி வேண்டுமென்றால் வயல் வரப்பில் தேட வேண்டும். வருடம் முழுக்க ஊற்று கசிகிற இடமாக இருக்க வேண்டும். களைக்கொல்லி அடித்த வரப்பாக இருக்கக்கூடாது. பண்பொழி மலைக்கு அடிவாரத்தில் முன்பு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்திருக்கிறேன், இப்போது இருக்கிறதா தெரியாது என்றார். முடி முளைக்குமா என்று மச்சான் கேட்டார். பேராசிரியர் பதில் சொல்லாமல் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் கவனித்தோம், எண்ணெய் வழிந்து இறங்க அவர் தலையிலும் முடி எதுவும் தடையாக இல்லை.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். மச்சான் ஸ்கூட்டரைப் பண்பொழிக்குத் திருப்பினார்.

திருமலை முருகன் கோவிலுக்குப் போகும் சாலையை ஒட்டி வயல்கள். அப்போதுதான் நடவு முடிந்திருந்தது. இரண்டு பேரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குனிந்து, வரப்பு வரப்பாகப் பார்த்துக்கொண்டு போனோம். அருகம்புல் இருந்தது, வல்லாரை இருந்தது, மஞ்சளாக ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டேளா?"

"தொலைக்கல. தேடுதோம்."

"என்னத்த?"

முடி வளர்க்கிற மூலிகை என்று நடுரோட்டில் சொல்ல மச்சானுக்கு வெட்கம். "சின்னதுதான். மஞ்சளா இருக்கும்" என்றார்.

டிரைவரின் முகம் அப்படியே இரக்கத்தில் மாறிவிட்டது. இன்ஜினை அணைத்தார், பேண்ட்டைச் சுருட்டினார், வயலில் இறங்கினார். எனக்குப் புரிவதற்குள் கோவிலுக்குப் போகிற வேன் ஒன்று நின்று, அதிலிருந்து ஒரு குடும்பமே இறங்கிவிட்டது. வயல்காரர் தூரத்திலிருந்து கத்திக்கொண்டு வந்தார். விஷயம் கேட்டதும் அவரும் சத்தத்தைக் குறைத்து, நடவை மிதிக்காமல் வரிசையாகத் தேடுங்கள் என்று எல்லோரையும் ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு வரப்பு. எங்களுக்கும் ஒன்று கொடுத்தார்.

எத்தனை பவுன் என்று வேனில் வந்த பெரியவர் கேட்டார். பவுன் எல்லாம் இல்லை என்றார் மச்சான். கவரிங்கா என்று அவர் முகம் சுளித்தார்.

"கவரிங் இல்ல அண்ணாச்சி, அசல். போலி எங்க வீட்டுக்குப் பின்னால ஏக்கர் கணக்குல கெடக்கு."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் வரப்பைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் வேனில் வந்த ஒரு அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பொருள் கிடைத்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று எங்களுக்காக முருகனிடம் நேர்ந்துகொண்டுவிட்டார். அதற்கப்புறம் எப்படி வாயைத் திறப்பது? தேடினோம். ஒரு கோலிக்குண்டு கிடைத்தது. துருப்பிடித்த அரிவாள் ஒன்று கிடைத்தது. ஒரு ஒற்றைச் செருப்பு கிடைத்தது, அதைப் பார்த்து வயல்காரர், போன நடவில் சேற்றில் விட்ட தன்னுடைய செருப்பு என்று மகிழ்ந்துபோய் வாங்கிக் கழுவினார். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் எல்லோரும் ஓடிவந்து, இதுவா என்று மச்சான் முகத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில் ஊற்று கசிகிற ஒரு மூலையிலிருந்து அந்த நேர்ந்துகொண்ட அம்மாதான் சலித்துப்போய்ச் சொன்னார். "இங்கன ஒண்ணும் இல்லயே, இந்தப் பூதான் கெடக்கு."

சொல்லிவிட்டு, கையில் வந்ததைத் தூக்கிப் போட்டார். மச்சான் அதை எட்டிப் பிடித்த வேகத்தில் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டார். நான் லென்ஸோடு ஓடினேன். ஒடுக்கமான இலை. விரலில் தடவினால் சொரசொரப்பு. மடல் இல்லை. பூ சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

"மாப்ளே, இதாம்லே" என்றார் மச்சான். கண் கலங்கியிருந்தது.

கிடைத்துவிட்டது என்ற செய்தி வயல் முழுக்கப் பரவி, எல்லோரும் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மச்சான் கையை நீட்டிக் காட்டினார். சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. ஆட்டோ டிரைவர் கையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், திரும்பக் கையைப் பார்த்தார்.

"பூவா" என்றார் மெதுவாக.

பத்துப் பன்னிரண்டு பேர், முழங்கால் சேறு, கோவிலுக்கு உடுத்தி வந்த பட்டு. எனக்கு ஸ்கூட்டர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்ற கணக்குத்தான் ஓடியது. மச்சான் ஓடவில்லை. நிதானமாகத் தொப்பியைக் கழற்றினார். துபாய்த் தண்ணீரிலிருந்து ஆரம்பித்து, வாய்க்கால் கரை, பச்சை எண்ணெய், ஆடு, பேராசிரியர் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னார். சாரலில் அவர் மண்டை லேசான பச்சையில் மின்னியது. அதைப் பார்த்தபின் யாராலும் அவர் சொல்வதைச் சந்தேகிக்க முடியவில்லை.

முதலில் சிரித்தது வயல்காரர். சிரித்து முடிக்க முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, எனக்கும் இங்கன போயிட்டு அண்ணாச்சி என்று முன்பக்கத்தைக் காட்டி, ஒரு கொப்பு தருவீர்களா என்று கேட்டார். அடுத்து வேனில் வந்த பெண்களும் கேட்டார்கள். நாலைந்து கொடிதான் அங்கே இருந்தது. வயல்காரர் எழுந்து குறுக்கே கையை நீட்டிவிட்டார். மறுவாரம் அந்த வரப்புக்கு மருந்தடிக்க இருந்தவர் அவர். இப்போது, இது என் வரப்புப் பூ, யாரும் கைவைக்கக் கூடாது என்றார். கைக்கு வந்துவிட்ட அந்த ஒன்றை மட்டும் சேற்றோடு ஒரு டீக் கப்பில் வைத்து மச்சானுக்குக் கொடுத்தார்.

நேர்ந்துகொண்ட அம்மாவுக்குத்தான் மனது சமாதானமாகவில்லை. தேடின பொருள் கிடைத்தது கிடைத்ததுதான், முருகனுக்குச் சொன்னது சொன்னதுதான், இனி தேங்காய் உடைக்கிறது யார் என்று கேட்டார். தேங்காய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை அம்மா என்று மச்சான் சொல்லி, மறுநாள் அந்த ஆட்டோவிலேயே ஒரு சாக்குத் தேங்காயை மலைக்கு அனுப்பிவைத்தார்.

டீக் கப்பில் வந்த கொடியைப் பெயிண்ட் வாளியில் நட்டார். பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து எண்ணெய் காய்ச்ச வேண்டுமென்றால் ஒரு கரண்டிக்குக்கூட இலை தேறாது. முதல் பூ பூத்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பறிக்கிறதா என்று கேட்டேன். என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வாய்க்கால் கரைச் செடியை ஒழிப்பது வேறு கதை. முதல் தடவை பிடுங்கி வரப்புமேல் போட்டோம். இரண்டு நாள் சாரல் அடித்தது, வரப்பிலும் வேர்விட்டுவிட்டது. பிறகு மொட்டைமாடியில் காயப்போட்டு எரித்தோம். ஒரு துண்டு மாடித் தண்ணீர் விழும் குழாய்க்குள் விழுந்திருக்க வேண்டும், அங்கேயிருந்து இப்போது மஞ்சளாக எட்டிப் பார்க்கிறது. மச்சான் சோர்ந்துபோகவில்லை. வாய்க்கால் ஓரத்துத் தோப்புக்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவைத்து, மூன்று மடல், மினுக்கம், சதைப்பற்று என்று பாடம் எடுக்கிறார். தலையைப் பற்றிய பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. என் கடைக்கு வந்தால் முன்னால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்.

ஒரே தொந்தரவு, அவரோடு எங்கேயும் நேரத்துக்குப் போய்ச்சேர முடிவதில்லை. ரோட்டோரத்தில் மஞ்சளாக எது தெரிந்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார். போன மாதம் செங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். வழியில் ஒரு ரிசார்ட் வாசலில் அந்தச் சிங்கப்பூர் டெய்சியை அழகாகக் கத்தரித்து வளர்த்திருந்தார்கள். காவலாளியிடம் இது எந்த நாட்டுச் செடி தெரியுமா என்று மச்சான் ஆரம்பித்தார். நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது கடைசிப் பந்தி எழுந்து கைகழுவிக்கொண்டிருந்தது. ரசமும் அப்பளமும்தான் மிச்சம். அக்கா அப்பளத்தை நொறுக்கி ரசத்தோடு சாப்பிட்டு எழுந்தாள். இப்போதெல்லாம் எங்கே கல்யாணம் என்றாலும் அவள் எங்களுக்கு முந்தின பஸ்ஸில் போய்விடுகிறாள்.